திரும்பி வரும் பெட்டியே பசுமைப் பெட்டி

சாக்கில் அடைத்து வாயைத் தைத்துவிட்டால் வேலை முடிந்தது என்பது டெல்டா விவசாயிக்குத் தலைமுறைகளாக வந்த பழக்கம். நெல்லுக்கு அது சரிதான். 17 சதவீத ஈரப்பதத்துக்குள் காய்ந்து, 40 கிலோ சிப்பமாகக் கொள்முதல் நிலையத்தில் ஏறும் நெல், சாக்குக்குள் சில நாள் கிடந்தால் கெட்டுவிடாது. தேங்காயும் அப்படியே. மட்டையோடு குவித்துப் போட்டால் வாரக்கணக்கில் காத்திருக்கும். இந்த இரண்டையும் நம்பி வாழ்ந்த முத்துப்பேட்டை, தில்லைவிளாகம், தம்பிக்கோட்டை பக்கத்துக் குடும்பங்கள், விளைச்சலை எதில் கட்டி அனுப்புவது என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டிய தேவை இருந்ததில்லை.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கரையைக் கடந்த கஜா புயல் அந்த நிலைமையை மாற்றியது. சாய்ந்த தென்னைகளுக்குப் பதிலாக வைத்த கன்றுகள் பலன் கொடுக்கப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை வீட்டுச் செலவுக்கு வழி வேண்டும். வெயில் தாராளமாக விழும் கன்றுத் தோப்பில் வாழை, கத்தரி, வெண்டை, பாகல், கீரை என்று ஊடுபயிர் வைத்தார்கள். அதிகாரிகளும் அதைத்தான் பரிந்துரைத்தார்கள். நல்ல யோசனைதான். ஆனால் பயிரை மாற்றச் சொன்ன யாரும் சாக்கை மாற்றச் சொல்லவில்லை. இன்றும் நெல்லைக் கட்டுவது போலத்தான் கத்தரியைக் கட்டுகிறோம். நட்டத்தில் ஒரு பெரும் பங்கு அங்கேதான் தொடங்குகிறது.

சாக்குக்குள் என்ன நடக்கிறது?

பறித்த காய்க்கு இன்னும் உயிர் இருக்கிறது. அது மூச்சு விடுகிறது. தன்னிடம் உள்ள சர்க்கரையை எரித்து வெப்பத்தையும் நீராவியையும் வெளியே தள்ளுகிறது. வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் கூடினால் இந்த மூச்சு ஏறக்குறைய இரண்டு முதல் மூன்று மடங்கு வேகமாகிறது. அதே அளவுக்கு ஆயுளும் குறைகிறது. 20 டிகிரியில் நான்கு நாள் தாங்கும் காய், 30 டிகிரியில் இரண்டு நாள் தாங்கினாலே அதிகம்.

இப்போது 50 கிலோ வெண்டையைப் பிளாஸ்டிக் இழைச் சாக்கில் அமுக்கி அடைத்து, வரப்பில் வெயிலில் வைத்ததை நினைத்துப் பாருங்கள். நடுவில் உள்ள காய்கள் விடும் வெப்பத்துக்குப் போக்கிடம் இல்லை. அடியில் உள்ளவை மேல் பாரத்தில் நசுங்குகின்றன. நசுங்கிய இடத்தில் தோல் கறுக்கிறது, பூஞ்சணம் நுழைகிறது. ஏற்றி இறக்கும்போது கொக்கி குத்திய காயம் தனி. கட்டி இரண்டு மணி நேரம் கழித்துச் சாக்கைப் பிரித்து நடுவில் கையை விட்டுப் பாருங்கள். தெர்மாமீட்டர் தேவைப்படாது.

இன்னொரு கணக்கும் உண்டு. கத்தரி, வெண்டை, கீரை எல்லாவற்றிலும் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். எடையில் 5 முதல் 10 சதவீதம் தண்ணீர் போனாலே காய் வாடி, பளபளப்பு இழந்து, இரண்டாம் தரமாகிவிடும். எடையும் குறைகிறது, விலையும் குறைகிறது. மீனுக்கு ஐஸ் போடாமல் ஒரு மணி நேரம்கூட வைக்காத ஊர் நம்முடையது. காயும் அதே போல அவசரப் பொருள் என்பதை மட்டும் நாம் இன்னும் ஏற்கவில்லை.

யாருடைய நட்டம்?

"விளைந்ததில் 40 சதவீதம் வீணாகிறது" என்று மேடைகளில் பேசக் கேட்டிருப்பீர்கள். நாடு முழுவதும் அளந்து பார்த்த ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. லூதியானாவில் உள்ள மத்திய அறுவடைப் பின்சார் பொறியியல் நிறுவனம் 2015-ல் வெளியிட்ட ஆய்வில் பழம், காய்கறி இழப்பு பயிருக்குப் பயிர் 4.58 முதல் 15.88 சதவீதம் வரை இருந்தது. 2022-ல் வந்த நாப்கான்ஸ் ஆய்வில் காய்கறிகளுக்கு 4.87 முதல் 11.61 சதவீதம், பழங்களுக்கு 6.02 முதல் 15.05 சதவீதம். காய்கறிகளில் அதிகம் இழப்பது தக்காளி, பழங்களில் கொய்யா.

பெரிய எண் சொன்னால்தான் கவனம் கிடைக்கும் என்று 40-ஐப் பிடித்துக்கொள்ளத் தேவையில்லை. 10 சதவீதமே போதுமான துயரம். ஏனென்றால் அது அழுகிக் குப்பைக்குப் போகும் அளவு மட்டுமே. வாடியதால் விலை குறைந்தது, மண்டியில் "கழிவு" என்று மூட்டைக்கு இத்தனை கிலோ என எடையில் கழித்தது, இவை பெரும்பாலும் அந்தக் கணக்கில் ஏறுவதில்லை. அந்தப் பணம் முழுக்க உங்கள் பையிலிருந்து போகிறது. விதை, உரம், பறிப்புக் கூலி எல்லாம் செலவழித்த பிறகு போகும் பணம் அது. சாகுபடிச் செலவில் ஒரு ரூபாய் மிச்சம் பிடிக்க நாம் படும் பாட்டில் பாதியைச் சிப்பத்தின் மீது காட்டினால் போதும்.

பசுமை என்பது எது?

இப்போது சந்தையில் "சூழலுக்கு உகந்த பேக்கிங்" என்று பல பொருள்கள் வருகின்றன. அவற்றை எடைபோட நான் இரண்டு கேள்விகளைத்தான் கேட்பேன். காய் கெடாமல் போய்ச் சேர்கிறதா? கட்டிய பொருள் பிறகு எங்கே போகிறது?

முதல் கேள்வி முக்கியம். கெட்டுப்போன ஒவ்வொரு கிலோ காயோடும் அதற்குப் பாய்ச்சிய தண்ணீர், போட்ட யூரியா, மோட்டார் ஓட்டிய மின்சாரம் எல்லாம் சேர்ந்தே குப்பைக்குப் போகின்றன. மக்கும் பையில் கட்டி, உள்ளே காய் அழுகினால் அதில் பசுமை எதுவும் இல்லை.

இரண்டாவது கேள்வி நம் ஊருக்குக் கூடுதலாகப் பொருந்தும். நாம் காவிரியின் கடைமடையில் இருக்கிறோம். கோரையாறும் பாமணியாறும் மேலே எத்தனை ஊர்களைத் தாண்டி வருகின்றன! அந்த ஊர்களில் வாய்க்காலில் விழும் கிழிந்த சாக்கும் நைலான் கயிறும் கடைசியில் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டின் வேரில்தான் வந்து சிக்குகின்றன. நம் வலைக்கு மீனும் இறாலும் தரும் காயல் அது.

வைத்துக்கொள்வோம்: நல்ல கனமான பிளாஸ்டிக் பெட்டி ஒன்று 1,800 கிராம். அதில் 20 கிலோ காய் பிடிக்கும். 50 கிலோ பிடிக்கும் இழைச் சாக்கு 100 கிராம். 20 கிலோ காய்க்குச் சாக்கின் பங்கு 40 கிராம். சாக்கு ஒரு தடவையோடு முடிந்தால், பெட்டி 45 தடவை போய் வந்த பிறகுதான் இரண்டும் பிளாஸ்டிக் அளவில் சமம். 46-வது தடவையிலிருந்து பெட்டி லாபம். பத்துத் தடவையில் தொலைந்துபோனால், சாக்கைவிட நாலு மடங்குக்கு மேல் பிளாஸ்டிக்கை நாம் ஊரில் இறக்கியிருக்கிறோம்.

பணக் கணக்கும் இதே வழியில்தான் போகிறது. பெட்டி 300 ரூபாய் என்றால், 100 தடவை வந்தால் கிலோவுக்கு 15 காசு. பத்துத் தடவையில் போய்விட்டால் கிலோவுக்கு ஒன்றரை ரூபாய். உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே கணக்குப் பாருங்கள். முடிவு மாறாது. பெட்டி வாங்குவது எளிது. அதைத் திரும்பி வர வைப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

திரும்பி வர வைக்க முடியுமா?

முடியும் என்பதற்கு ஆதாரம் தினமும் காலையில் பால் பூத்தில் இருக்கிறது. ஆவின் பால் வரும் டப்புகளைக் கவனியுங்கள். நிறைந்த டப்பு இறங்குகிறது, காலி டப்பு அதே வண்டியில் ஏறுகிறது. இத்தனை ஊரில், இத்தனை ஆண்டாக, பெரிய தொழில்நுட்பம் எதுவும் இல்லாமல் இது நடக்கிறது. வண்டி எப்படியும் திரும்பப் போகும் என்பதும், டப்புக்குக் கணக்கு உண்டு என்பதும்தான் காரணம்.

நம் மாநிலத்தின் மேற்கு மாவட்டங்களில் தக்காளி விலையை "14 கிலோ பெட்டி இவ்வளவு" என்றுதான் சொல்வார்கள். உடுமலை, ஒட்டன்சத்திரம் பக்கம் மண்டிக்கும் தோட்டத்துக்கும் இடையே பெட்டிகள் போய் வருகின்றன. அங்கே பெட்டியே விலை பேசும் அளவாகிவிட்டது. மூட்டையில் விலை பேசும் வரை விவசாயி மூட்டையில்தான் கொண்டுபோவார். பெட்டியில் பேசினால் பெட்டி வரும். ஐரோப்பாவில் 1992-ல் ஜெர்மனியில் தொடங்கிய இஃப்கோ போன்ற நிறுவனங்கள் பெட்டியை விற்பதில்லை, வாடகைக்கு விடுகின்றன. காலிப் பெட்டியைச் சேகரிப்பதும் கழுவுவதும் அடுத்த தோட்டத்துக்கு அனுப்புவதும் அவர்கள் வேலை.

இதே வேலையை நம் பகுதியில் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் செய்யலாம். அதற்கு வேண்டியவை இவ்வளவுதான்:

ஒன்று, பெட்டி தனி விவசாயிக்குச் சொந்தமாக இல்லாமல் நிறுவனத்துக்குச் சொந்தமாக இருக்கட்டும். ஒரே நிறம், பக்கவாட்டில் அழியாத எழுத்தில் நிறுவனத்தின் பெயர், வரிசை எண்.

இரண்டு, ஒவ்வொரு பெட்டிக்கும் முன்பணம். வியாபாரி 20 பெட்டி எடுத்தால் 20 பெட்டிக்கு முன்பணம் கட்ட வேண்டும். காலிப் பெட்டி வந்தால் பணம் திரும்பும். சோடா பாட்டிலுக்கு இந்த முறையை நாம் சிறுவயதிலிருந்து பார்த்தவர்கள்தான்.

மூன்று, ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் வடிவம் அல்லது மடக்கும் பெட்டி. காலிப் பெட்டி வண்டி முழுக்க இடம் அடைத்தால் ஓட்டுநர் ஏற்ற மாட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது.

நான்கு, கழுவும் இடம். அழுகிய காயின் கிருமி பெட்டியில் ஒட்டிக்கொண்டு அடுத்த நாள் நல்ல காய்க்கு ஏறும். தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் கரைசலில் அலசி, நல்ல தண்ணீர் விட்டு, வெயிலில் கவிழ்த்து வைத்தால் போதும்.

எல்லாவற்றுக்கும் பெட்டியா?

இல்லை. பொருளுக்கு ஏற்றபடி கட்ட வேண்டும். கையில் கிடைக்கும் பொருள் போதும் என்ற இடத்தில் கடைப் பொருள் வேண்டாம்.

கத்தரி, பாகல், தக்காளிக்குப் பெட்டி. அடியில் பழைய செய்தித்தாளைவிட வாழைச்சருகு நல்லது. அச்சு மை காயில் ஒட்டாது. கத்தரியைக் காம்போடு வெட்டுங்கள். பாகலைப் பழுக்கும் வாழையோடு ஒரே வண்டியில் மூடிக் கொண்டுபோகாதீர்கள். வாழை, மா, தக்காளி, பப்பாளி பழுக்கும்போது எத்திலீன் என்ற வாயுவை விடுகின்றன. அது பட்டால் பாகல் மஞ்சளாகும், கீரை உதிரும், கத்தரியின் காம்பு கழன்றுவிடும்.

வெண்டைக்கு ஈரம் எதிரி. நனைந்த வெண்டை கறுக்கும். ஆழம் குறைந்த பெட்டியில் தளர்வாக அடுக்குங்கள்.

கீரைக்கும் முருங்கைக்கும் நனைத்துப் பிழிந்த சணல் சாக்கு இன்றும் சிறந்தது. கட்டும் கயிறு வாழை நாராக இருக்கட்டும். பூவுக்கும் வெற்றிலைக்கும் வாழை இலை, வாழைமட்டையைவிட நல்ல உறையை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. குளிர்ச்சி காக்கும், மூச்சு விட இடம் கொடுக்கும், தூக்கி எறிந்தால் மாடு தின்னும்.

வாழைத்தாரைத் தாராகவே ஏற்றுவதைக் குறைத்து, சீப்பாக வெட்டி, பால் வடிந்த பிறகு பெட்டியில் அடுக்கினால் உரசல் தழும்பு குறையும். பச்சை வாழையை 13 டிகிரிக்குக் கீழே வைக்கக் கூடாது. தோல் கறுத்துவிடும். கத்தரிக்கும் 10 டிகிரிக்குக் கீழே ஆகாது. "குளிர்பதனக் கிடங்கு கட்டிவிட்டால் எல்லாம் சரி" என்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் அடியோடு நிறுத்துங்கள். யூரியா, பொட்டாஷ் வந்த சாக்கை உதறிவிட்டு அதில் காய்கறி கட்டாதீர்கள். அதைத் தின்னப்போவது நம்மைப் போன்ற இன்னொரு வீட்டுக் குழந்தை.

அட்டைப் பெட்டி தூரத்துச் சந்தைக்கும் ஏற்றுமதிக்கும் நல்லது. ஆனால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நம் கடலோரக் காற்றில் சாதாரண அட்டை ஊறிப்போய், அடுக்கின் அடிப்பெட்டி சரிந்துவிடும். மழைக் காலத்தில் அதை நம்ப வேண்டாம்.

புதிய தொழில்நுட்பங்கள்

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், கனடாவின் குயெல்ஃப் பல்கலைக்கழகம், இலங்கையின் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் ஆகியவை 2012 முதல் ஹெக்சனால் குறித்துச் சேர்ந்து ஆய்வு செய்தன. ஹெக்சனால் செடிகளே வெளியிடும் ஒரு பொருள். பழத்தின் செல் சுவரை ஒட்டிய சவ்வைச் சிதைக்கும் நொதியை அது தடுக்கிறது. அதனால் மா, வாழை போன்றவை பழுத்து உடைவது தள்ளிப்போகிறது. மரத்தில் தெளிக்கும் கரைசலோடு, வாழை நாரில் செய்த சிப்பப் பொருளில் ஹெக்சனாலை ஏற்றும் முயற்சியும் நடந்தது. வாழை நாருக்குப் பஞ்சமே இல்லாத டெல்டாவுக்கு இது பொருத்தமான திசை. பயன்படுத்த விரும்புவோர் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை அளவைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு செய்யுங்கள்.

தஞ்சாவூரில் உள்ள நிஃப்டெம் நிறுவனத்தையும் பயன்படுத்திக்கொள்ளுங்கள். 1967-ல் திருவாரூர் நவீன அரிசி ஆலை வளாகத்தில் நெல் பதப்படுத்தும் ஆய்வுக்கூடமாகத் தொடங்கி, இன்று எல்லா உணவுப் பொருளுக்குமான தேசிய நிறுவனமாக வளர்ந்தது அது. நெல்லிலிருந்து மற்ற பயிர்களுக்கு அந்த நிறுவனம் நகர்ந்துவிட்டது. நம் கட்டும் பழக்கம்தான் இன்னும் நகரவில்லை.

வயலிலேயே காயைக் குளிர்விக்க, 1980-களில் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய செங்கல் அறை உண்டு. இரட்டைச் சுவர், நடுவில் 7.5 செ.மீ. இடைவெளியில் ஈர மணல், மேலே கீற்று மூடி. மின்சாரம் வேண்டாம். வறண்ட ஊர்களில் உள்ளே 10 டிகிரிக்கு மேல் குறையும் என்பார்கள். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்த முத்துப்பேட்டையில் அவ்வளவு குறையாது. ஆனால் காய் வாடுவதைத் தடுக்கும். அதுவும் கட்ட முடியாவிட்டால், விடியற்காலையில் பறித்து, கீற்றுக் கொட்டகை நிழலில் பரப்பி, சூடு தணிந்த பிறகு அடுக்குங்கள். கீற்று முடையத் தெரிந்த ஊருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"மக்கும் பை" என்று வாங்கும்போது கவனம். ஐ.எஸ். 17088 தரச் சான்று உள்ளவைகூட வெப்பம் காக்கும் உரக் கூடங்களில்தான் முறையாக மக்கும். வாய்க்காலில் விழுந்தால் நெடுநாள் கிடக்கும். துணிபோலத் தெரியும் நெய்யாத பை பிளாஸ்டிக்தான். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டவற்றில் அதுவும் ஒன்று.

என் கோரிக்கை

தோட்டக்கலைத் திட்டங்களில் பிளாஸ்டிக் பெட்டிகள் மானியத்தில் வழங்கப்பட்டிருக்கின்றன. நல்ல நோக்கம். ஆனால் அவற்றில் சில வீடுகளில் துணி அடுக்கவும் கோழிக்குஞ்சு மூடவும் பயன்படுவதை விரிவாக்கப் பணியாளர்கள் அறிவார்கள். விவசாயி மீது தவறில்லை. 10 பெட்டி வைத்திருக்கும் ஒருவர் மண்டிக்குக் கொண்டுபோனால் பெட்டி திரும்பாது என்று அவருக்குத் தெரியும். எனவே அவர் சாக்கில் கொண்டுபோகிறார்.

ஆகவே இத்தனை பெட்டி வழங்கினோம் என்று எழுதுவதோடு, ஒரு பெட்டி ஆண்டுக்கு எத்தனை தடவை போய் வந்தது என்றும் அறிக்கையில் ஒரு பத்தி சேருங்கள். மானியத்தைக் கழுவும் தொட்டிக்கும், காலிப் பெட்டி ஏற்றிவரும் வாடகைக்கும் நீட்டியுங்கள். உழவர் சந்தையிலும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திலும் காலிப் பெட்டி அடுக்க ஒரு மூலை ஒதுக்குங்கள். பெட்டியில் வரும் காய்க்குக் "கழிவு" கழிப்பதில்லை என்று வியாபாரிகளோடு பேசி முடியுங்கள். அந்த ஒரு முடிவு போதும். விவசாயி தானாகவே சாக்கை விடுவார்.

விவசாயிகளுக்கு ஒன்று சொல்வேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். பக்கத்துத் தோப்புக்காரர் நாலு பேர் சேர்ந்து 20 பெட்டி வாங்குங்கள். வழக்கமாகக் காய் எடுக்கும் ஒரே ஒரு வியாபாரியோடு மட்டும் பேசி, முன்பணம் வைத்து ஓட்டிப் பாருங்கள். ஒரு நோட்டில் தேதி, பெட்டியில் போன எடை, சாக்கில் போன எடை, இரண்டிலும் கழித்த எடை, கிடைத்த விலை ஆகியவற்றை எழுதுங்கள். ஒரு கோடைப் பட்டம் முடியும்போது அந்த நோட்டு உங்கள் கையில் இருந்தால், மண்டியிலும் அலுவலகத்திலும் உங்கள் பேச்சுக்கு எடை இருக்கும்.